வீணைய வெயில்ல வேகவெச்சதுல கிடைச்ச நாலு நாள்

வீணை வாசிக்கிறவங்க யாராவது இத படிச்சீங்கன்னா மனச கொஞ்சம் திடப்படுத்திக்கோங்க. வைகாசி மாசம், பெங்களூர்ல இருந்து தஞ்சாவூருக்கு கார்ல வந்தோம், நடுவுல சாப்பிட இறங்குனோம், கண்ணாடி ஏத்தின காருக்குள்ள பின் சீட்டுல என் வீணை ஒன்றரை மணி நேரம் வெந்திருக்கு. வீட்டுக்கு வந்து உறைய கழட்டிப் பாத்தா மெழுகு இளகி, அதுல பதிச்சிருந்த மேல்ஸ்தாயி மெட்டெல்லாம் (விரல் வெச்சு அழுத்துற உலோகப் பட்டைங்க) ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடக்கு, கூட்டத்துல நின்னுட்டே தூங்குற பஸ் பாசஞ்சர் மாதிரி. அழுகையே வந்துருச்சு. அம்மா மட்டும் "எங்க உருகணுமோ அங்கதான் வந்து உருகியிருக்கு, விடு" அப்டின்னாங்க.

உண்மைதான், பெங்களூர்ல ஆயிருந்தா ஆள் தேடியே ஒரு மாசம் போயிருக்கும். இங்க தெற்கு வீதி பக்கம் ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷம். எங்க குடும்பத்துக்கே வீணை பண்ற ஆசாரி ஒருத்தர் இருக்காரு, அவரு தொட்டுப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "ஏம்மா, கொழந்தைய இப்டி கார்ல வெச்சு பூட்டிட்டு சாப்புடப் போவீங்களா?" நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன். பழைய மெழுக முழுசா வழிச்செடுத்துட்டு புதுசா மேளம் கட்டணும், நாலு நாள் ஆகும்னுட்டாரு. மேளம் கட்டுறதுன்னா தெரியாதவங்களுக்கு: தேன்மெழுகுல கரி சேத்து காய்ச்சி தண்டி மேல, அதாவது வீணையோட நீளமான கழுத்து மேல, ரெண்டு பக்கமும் கரை மாதிரி கட்டி, அதுல 24 மெட்டையும் ஒவ்வொண்ணா, ஒவ்வொரு தந்திக்கும் மீட்டிப் பாத்து பாத்து காதாலயே பதிக்கிறது. ட்யூனர் ஆப்புக்கெல்லாம் அங்க வேலையே இல்ல. ஒரு மெட்டு ஒரு மயிரிழை தள்ளி உக்காந்தா அதுக்கப்புறம் நீங்க ஆயுசுக்கும் அந்தர காந்தாரங்கற ஸ்வரத்தோட சண்டை போட்டுட்டு இருக்கணும்.

வீட்டுக்காரரு மறுநாளே கார எடுத்துட்டு கிளம்பிட்டாரு. நான், அம்மா வீடு, நாலு நாள், கையில வீணை இல்ல. அப்பதான் ஆபீஸ் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்ல கேட்டா, அடுத்த மாசம் தஞ்சாவூர் வரோம், எங்கெங்க போகலாம்னு. வழக்கமா அனுப்புற பெரிய கோவில், அரண்மனை, சரஸ்வதி மகால் நூலகம், தஞ்சாவூர் தட்டு, பொம்மைங்கற லிஸ்ட்ட டைப் பண்ணிட்டு இருக்கும்போதே தோணுச்சு, இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு வித்வான் மேல விழணும், அவங்கள்லாம் எங்க போவாங்க? சரி கேட்டுதான் பாப்போமேன்னு ஆரம்பிச்சேன்.

மொதல்ல எதிர் வீட்டு தவில் அண்ணன். "உங்களுக்கு இந்த ஊர்ல எந்த எடம்ண்ணே ரொம்ப புடிக்கும்"னதும் யோசிக்கவே இல்ல, பெரிய கோவில்னாரு. எனக்கு சப்புனு ஆயிருச்சு. ஆனா மறுநாள் காலைல ஆறரைக்கு அவரோட டிவிஎஸ்ல பின்னாடி ஒக்காந்து போனப்பதான் தெரிஞ்சுது, அவரு சொல்ற பெரிய கோவில் வேற. சன்னதி பக்கம் ஒரு கும்புடு, நந்திக்கு ஒரு கும்புடு, அவ்ளோதான், நேரா போய் திருச்சுத்து மாளிகைல, பிரகாரத்த சுத்தி ஓடுற தூண் மண்டபம், அதுல நிழலா ஒரு தூணோரம் ஒக்காந்துட்டாரு. தொடைல விரல தட்டி ஏதோ கணக்கு போடுறாரு. கோர்வையாம், வாசிக்கிறதுக்கான தாளக்கணக்கு. வீட்ல பசங்க டிவி சத்தம், கடைத்தெருல ஹாரன் சத்தம், இங்கதான் காது காலியா இருக்குமாம், "தம்பி பசங்க எல்லாம் போன்ல எழுதி வெச்சிக்கிறானுங்க, எனக்கு இந்த கல்லு சில்லுனு முதுகுல பட்டாதான் கணக்கு வருது"ன்னாரு.

அங்க வெச்சுதான் பேச்சு கல்வெட்டு பக்கம் போச்சு. ராஜராஜன் இந்த கோவில 1010ல கட்டி முடிச்சப்ப வெறும் கல்லா மட்டும் நிறுத்தி வெக்கல, கோவில சுத்தி தெருவே போட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகள, அதாவது கோவில்ல ஆடுறவங்கள, குடியேத்தியிருக்கான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. எந்த தெரு, தெருவுல எந்த சிறகு (பக்கம்), எத்தனாவது வீடு, எந்த ஊர் கோவில்ல இருந்து வந்தவங்கன்னு பேரு பேரா கல்லுல வெட்டி வெச்சிருக்கு. அதுல திருவையாறு, திருவாரூர்னு நமக்கு தெரிஞ்ச ஊர்ல இருந்தெல்லாம் வந்திருக்காங்க. நட்டுவனாருங்க, வீணை வாசிக்கிறவங்க, சங்கு ஊதுறவங்க, உவச்சர்னு கொட்டு அடிக்கிறவங்க எல்லாருக்கும் பங்கு இருக்கு. தேவாரம் பாட தனியா 48 பேரு, கூட உடுக்கை ஒருத்தர், கொட்டிமத்தளம் ஒருத்தர், ஆக 50 பேரு. நான் இத ஏதோ பெருமையா சொல்லிட்டு இருக்கேன், அண்ணன் நடுவுல "ஆடி மாசமும் நெல்லு உண்டாம்மா?"ன்னு கேட்டாரு. எனக்கு சட்டுனு புரியல. ஆடில முகூர்த்தம் கெடையாது, மார்கழியும் கெடையாது, தவில்காரருக்கு அந்த ரெண்டு மாசமும் வீட்ல வட்டிக்கடை ஞாபகம்தான். "வருஷம் பூராவுக்கும் நெல்லாமே, அப்ப ஆடியும் உண்டுதான்"னு அவரே சொல்லிட்டு அந்த சுவத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தாரு, ஏதோ அரியர் பாக்கி இருக்குற மாதிரி.

(கருவறைக்கு மேல் தளத்துல சுத்து பாதைல கரண சிற்பம், அதாவது நாட்டிய நிலைங்க, 81 இருக்கு, 108 செதுக்க நெனச்சு 81ஓட நின்னுபோச்சு, மிச்ச எடம் வெறும் கல்லாவே இருக்கு. பொதுவா உள்ள விடமாட்டாங்க, அதனால லிஸ்ட்ல சேக்கல.)

சாயந்திரம் என் வீணை டீச்சர். எழுபது தாண்டிட்டாங்க, இப்பவும் நாலு பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கறாங்க. வீணை உருகின கதைய சொன்னப்ப அரை நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "வா, நடந்துட்டு வருவோம்"னு கூட்டிட்டு போனது மேல வீதி. இந்த ஒரு தெருவ பத்தி மட்டும் எவ்ளோ வேணாலும் எழுதலாம். வெளியூர்க்காரங்களுக்கு இது டூ வீலர் நெரிசலும் பாத்திரக்கடையும் உள்ள இன்னொரு தெரு, கூகுள் மேப்ல ஷார்ட்கட். ஆனா இங்கதான் பங்காரு காமாட்சி கோவில் இருக்கு. படையெடுப்புக்கு பயந்து காஞ்சிபுரத்துல இருந்து கெளம்பி ஊர் ஊரா ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து தஞ்சாவூர்ல நின்ன தங்க அம்மன், கூடவே வந்த பூஜை பண்ற குடும்பத்து பிள்ளைதான் சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தரான சியாமா சாஸ்திரி. 1762ல திருவாரூர்ல பொறந்து, 1827ல இதே ஊர்ல போயிட்டாரு. தங்கம்னு சொன்னாலும் நீங்க பாக்கறப்ப அம்மன் கருப்பாதான் தெரியும், புனுகு சாத்தியிருப்பாங்க.

டீச்சருக்கு அந்த சன்னதி முன்னாடி ஒரு எடம் இருக்கு. எடம்னா, ஒரு கல்லு. சின்ன வயசுல இருந்து அங்கதான் நிப்பாங்களாம். சியாமா சாஸ்திரியோட பைரவி ஸ்வரஜதிய வாய்க்குள்ளயே முணுமுணுன்னு ஒவ்வொரு சரணமா சொன்னாங்க, ச-ல ஆரம்பிக்கிற சரணம், ரி-ல ஆரம்பிக்கிறதுன்னு படி ஏற்ற மாதிரி ஏறிப் போகுமே அது. பக்கத்துல அர்ச்சனை தட்டோட நின்ன அம்மாவுக்கு கூட கேட்டிருக்காது. எவ்வளவோ கச்சேரி பண்ணவங்க, இங்க மட்டும் ஏன் டீச்சர் சத்தமா பாடமாட்டேங்கறீங்கன்னு கேட்டேன். "அவரு அம்மாகிட்ட பேசினதுடி இது, நான் நடுவுல போயி மைக் வெக்கவா?"

வெளிய வந்து அதே தெருவுல தஞ்சை நால்வர் வீடு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இன்னைக்கு உலகத்துல எந்த மூலைல பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தாலும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானான்னு வரிசையா ஆடுறாங்களே, அந்த வரிசைய கட்டினவங்க இவங்கதான். நாலு பேருமே முத்துசாமி தீட்சிதர்கிட்ட பாடம், சரபோஜி ராஜா சபைல உத்யோகம். வடிவேலு பிற்பாடு திருவாங்கூர் போயி, சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு 1834ல தந்தத்துல பண்ண வயலின் குடுத்தாரு. அதாவது நம்ம கச்சேரில வயலின் இல்லாம ஆகாதுன்னு ஆனதுக்கு இந்த வீட்டுப் பிள்ளையும் ஒரு காரணம். பெயர்ப்பலகைய கவனிக்காம நான் ஸ்கூல் டேஸ்ல ஆயிரம் தடவை சைக்கிள்ல கடந்திருக்கேன், வெக்கமா இருந்துச்சு.

என் சித்தப்பா பையன் லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு. அவன்கிட்ட கேட்டா "அக்கா, அரண்மனைல சங்கீத மகால். போயி ஒரே ஒரு தடவை கைதட்டு, அப்றம் பேசு"ன்னான். போனேன். கைவினைப் பொருள் எல்லாம் வெச்சிருக்காங்க, எல்லாரும் அத பாக்குறாங்க, நான் மட்டும் நடுவுல நின்னு கைதட்டுனேன், ரெண்டு பேரு திரும்பிப் பாத்து மொறைச்சாங்க. ஆனா அந்த சத்தம் அவ்வளவு உருண்டையா வந்துச்சு. மைக் இல்லாத காலத்து ஹாலு, கட்டினவனுக்கு காது இருந்திருக்கு. அங்கருந்து நாலு எட்டு வெச்சா சரஸ்வதி மகால். ஒரு காலத்துல இந்த ஊர் ராஜாக்களே ராக லட்சணம் எழுதி வெச்சிருக்காங்க, சகஜி எழுதினது, துளஜா எழுதினதுன்னு. 72 மேளகர்த்தாவ, அதாவது தாய் ராகங்கள, கணக்கு போட்ட வேங்கடமகி இருந்ததும் இந்த ஊர் நாயக்கர் சபைலதான். என் தம்பிக்கு அதெல்லாம் தெரியும், ஆனா அவன் அரண்மனைக்கு போறதுக்கு நிஜமான காரணம் பக்கத்துல இருக்குற பஜ்ஜிக்கடை, அத அவனே ஒத்துக்கிட்டான்.

மூணாவது நாள் திருவையாறு. பழைய பஸ் ஸ்டாண்டுல ஏறுனா 13 கிலோமீட்டர்தான், ஆனா அதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு ஆத்த தாண்டிருவீங்க. கூட வந்தது என் மாமா பொண்ணு, வயலின், வருஷா வருஷம் தியாகராஜர் ஆராதனைல பஞ்சரத்ன கோஷ்டில ஒக்காந்து வாசிக்கிறவ. தை மாச பகுள பஞ்சமில டிவில பாப்பீங்கல்ல, நாட்டைல ஆரம்பிச்சு கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு நூத்துக்கணக்குல பேரு சேந்து பாடுவாங்களே, அதுல எங்கயோ ஒரு மூலைல இவ தலை தெரியும், ஒரு வருஷம் முழங்கை மட்டும் தெரிஞ்சுது. "ஆராதனைக்கு வர்றவங்கெல்லாம் திருவையாறு பாத்தவங்க கெடையாது, கூட்டம் பாத்தவங்க"ன்னு சொல்றா. அவளுக்கு புடிச்சது இந்த மாதிரி ஒண்ணுமில்லாத ஒரு மத்தியானம். நாங்க போனப்ப தியாகராஜர் சமாதில மூணே பேரு. ஒரு தாத்தா தூங்கிட்டு இருந்தாரு.

தியாகராஜர் சித்தியானது 1847 ஜனவரி 6. அதுக்கப்புறம் இந்த எடம் பொதர் மண்டிக் கெடந்திருக்கு. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா தன் காசுல நிலம் வாங்கி கோவில் எழுப்பி 1925ல கும்பாபிஷேகம் பண்ணாங்க. கோவில் கட்டுனவங்க அவங்க, ஆனா ஆராதனைல பொம்பளைங்க பாடக் கூடாதுன்னு இருந்துச்சு, அதுக்கும் 1927ல தனியா பெண்கள் ஆராதனை ஆரம்பிச்சு பதில் சொன்னாங்க. 1952ல அவங்க போனதும் அவங்க சமாதியும் அங்கயே, கைகூப்பின மாதிரி அய்யரை, அதான் தியாகராஜரை, பாத்துட்டு ஒக்காந்திருக்காங்க. மாமா பொண்ணு எப்ப வந்தாலும் மொதல்ல போறது இந்தம்மாகிட்டதான், அப்புறம்தான் அய்யர்கிட்ட. "இவங்க இல்லாட்டி நான் அங்க வில்ல எடுத்திருக்க முடியுமா"ன்னா. ஆறு பக்கம் போனோம், தண்ணி இல்ல, வெறும் மணல். வழக்கமா ஜூன் 12க்கு மேட்டூர் தொறந்து, அப்புறம் கல்லணை தொறந்துதான் இங்க தண்ணி வரணும். புஷ்ய மண்டப படித்துறைல காஞ்சு கெடந்த படில ஒக்காந்து அவ பாட்டுக்கு ஏதோ ஆரபி முணுமுணுத்துட்டு இருந்தா, நான் எறும்பு கடிச்சு எழுந்துட்டேன்.

ஐயாறப்பர் கோவில் வெளிப் பிரகாரத்துல ஒரு மூலைல நின்னு 'ஐயாறா'ன்னு கத்துனா ஏழு தடவை எதிரொலிக்கும்னு சொல்லுவாங்க. எனக்கு நாலு வந்துச்சு, அவளுக்கு அஞ்சு. அவளுக்கு சுருதி நல்லா சேருதாம், அதான் காரணமாம். அப்புறம் ஆண்டவர் கடைல அசோகா அல்வா. பாசிப்பருப்பு, நெய்யி, சக்கரை, எலைல வெச்சு சுடச்சுட. ஆராதனைக்கு வர்ற வித்வான்கள்ல பாதி பேருக்கு மனசுக்குள்ள ஆறாவது ரத்னம் அதான், யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி நல்ல வேளையா முத்துப்பல்லக்கு. வைகாசி மூலம், திருஞானசம்பந்தர் குருபூஜை, ஊர்ல இருக்குற புள்ளையார் கோவில் முருகன் கோவில்ல இருந்தெல்லாம் ஜோடிச்ச பல்லக்கு கெளம்பி நாலு ராஜவீதியும் விடிய விடிய சுத்தும். ஒவ்வொரு பல்லக்கு முன்னாடியும் ஒரு மேளம் செட்டு. சின்ன வயசுல அப்பா தோள்ல ஒக்காந்து பாத்தது, இப்பவும் அதே தூக்கக்கண்ணு, அதே கடலை வாசம். ராத்திரி ரெண்டு மணிக்கு கீழ வீதி முனைல ஒரு பல்லக்கு நிக்குது, நாயனக்காரரு தோடி ராகத்த எடுத்துட்டாரு. மைக் கெடையாது, சபா கெடையாது, முன் வரிசை கெடையாது, சாக்கடை ஓரத்துல நின்னு ஒரு ஐம்பது பேரு கேக்குறாங்க, அதுல ஒரு பரோட்டா மாஸ்டரு கைல மாவோட நிக்கறாரு, சரியான எடத்துல "ஆஹா"ங்கறாரு. எதிர் வீட்டு அண்ணன்தான் தவில். என்ன பாத்து கண்ணடிச்சுட்டு ஒரு தீர்மானம் (முடிப்பு) வெச்சாரு பாருங்க, அது அன்னிக்கு பெரிய கோவில்ல தொடைல தட்டுன அதே கணக்கு! எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் மாதிரி சிரிப்பு தாங்கல.

டீ குடிக்க நின்னப்ப அந்த நாயனக்காரர்கிட்டயும் கேட்டேன், உங்களுக்கு எந்த எடம் புடிக்கும்னு. ஊருக்குள்ள ஒண்ணும் சொல்லல, திருவாவடுதுறைன்னாரு. சீவாளி, அதாவது நாயனத்துல வாய் வெச்சு ஊதுற நாக்கு, வாங்கப் போற எடம். காவிரிக்கரைல வெளையுற கொறுக்கைப் புல்லுல பண்றது. நூறு சீவாளில நமக்குன்னு வாய்க்கிறது ஒண்ணோ ரெண்டோ, நாள் பூரா ஒக்காந்து ஒவ்வொண்ணா ஊதி ஊதிப் பாப்பாராம், அந்த வீட்டுத் திண்ணைல ஒக்காந்தா மத்த ஊர் நாயனக்காரங்க எல்லாரையும் பாத்துரலாம், யாருக்கு எங்க கச்சேரி, யாரு யார்கூட பேசறதில்ல எல்லாம் தெரிஞ்சுரும். பக்கத்துலயே நரசிங்கம்பேட்டை, ஆச்சா மரத்துல நாதஸ்வரம் கடையிற ஊரு, பழைய வீடு இடிச்ச உத்தரக் கட்டைல பண்ணாதான் வெடிக்காம நாதம் நிக்குமாம். இப்ப எல்லாரும் வாசிக்கிற நீளமான பாரி நாயனம் அந்த ஊர் ஆசாரி நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக பண்ணதுல வந்ததுதான். ராஜரத்தினம் பிள்ளையோட தோடிய பத்தி பேச ஆரம்பிச்சாரு, அதுக்குள்ள பல்லக்கு கெளம்பிருச்சு, கிளாஸ கீழ வெச்சுட்டு ஓடுனாரு.

நாலாம் நாள் தூக்கக் கலக்கத்தோட ஆசாரி வீட்டுக்கு போனேன். வாசல்ல பலா மர குடம் ரெண்டு பாதி குடைஞ்சபடி வெயில்ல மஞ்சளா கெடக்கு, குடமும் தண்டியும் சேத்து ஒரே கட்டைல குடைஞ்சா அது ஏகாண்ட வீணை, பக்கத்துல யாளி மூஞ்சி நாலு கண்ணு வெக்காம காத்துட்டு இருக்கு. மரம் பண்ருட்டி பக்கத்துல இருந்து வருது. என் வீணை உள்ள பளபளன்னு கருப்பு மெழுகோட. அவரே சாரணி தந்திய மீட்டி கீழ இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு மெட்டா ஓட்டிக் காமிச்சாரு. மேல்ஸ்தாயி காந்தாரம் நான் வாங்குன நாள்ல இருந்தே லேசா மூக்கால பேசிட்டு இருக்கும், இப்ப அது வாயத் தொறந்து பேசுது. வெந்ததும் நல்லதுக்குதான் போலன்னு நெனச்சேன், அத வெளிய சொன்னா அடி விழும்.

அவர்கிட்டயும் கேக்காம வர முடியுமா. உளிய தொடைச்சுக்கிட்டே "திருச்சி ஏர்போர்ட்டு"ன்னாரு. நான் வெளையாட்டுக்கு சொல்றாருன்னு நெனச்சேன். இல்ல, நெஜமாதான். எப்பயோ வெளிநாட்டுக்காரங்க ஒருத்தருக்கு பண்ண வீணைய கொண்டுபோய் குடுக்க போயிருக்காரு, அதுக்கப்புறம் அந்த மாதிரி பத்து பதினஞ்சு தடவை. "ஒவ்வொரு தடவையும் பிளேன் ஏர்ற வரைக்கும் கம்பி ஓரம் நின்னு பாத்துட்டுதாம்மா வருவேன். மாசக்கணக்குல மடில வெச்சிருந்தது, அது பறக்குறத பாக்க வேணாமா. ஆனா உள்ள எப்டி வெக்கிறானுவளோ தெரியல." கடைசி வரிய சொல்லும்போது என்னையும் ஒரு பார்வை பாத்தாரு. கார் ஞாபகம்.

அதனால ராத்திரி ரயில். மைசூர் எக்ஸ்பிரஸ்ல எனக்கு கெடைச்சது ஒரே ஒரு லோயர் பெர்த்து. டிடிஇ வந்து பாத்தாரு, பெர்த்துல பெட்ஷீட் போத்தி வீணை படுத்திருக்கு, நான் கால்மாட்டுல ஓரமா ஒக்காந்திருக்கேன், "டிக்கெட் யாருக்கும்மா?"ன்னாரு.